காயம் ஆறியது, அச்சம் ஆறவில்லை



எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு ஓசூர் சாலையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மில் பலர் பெங்களூருக்குள் நுழைந்ததே இந்தச் சாலையின் வழியாகத்தான். 1978-ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களின் நிலத்தில் இந்தத் தொழிற்பேட்டையைத் தொடங்கிற்று. 2010-ல் சில்க் போர்டிலிருந்து மேம்பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மஞ்சள் வழித்தட மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. ஆயினும் இரவுப் பணிக்குப் போகிறவரும், அதிகாலையில் வீட்டு வேலைக்குப் போகிற சகோதரியும், பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வாலிபனும் இன்றும் இரு சக்கர வாகனத்தையே நம்பியிருக்கிறார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். இறந்தவர்களுக்காக நாம் அழுகிறோம். காயமடைந்து வீடு திரும்பியவரைப் பார்த்து, 'உயிர் தப்பியதே பெரிது' என்று சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். அது சரியே. ஆனால் அதற்குப் பின் அந்த வீட்டில் நடப்பது என்ன? மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் பிரியாமல் நிற்கிற ஒன்று உண்டு. அதைப் பற்றியே இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வெளியே தெரியாத காயம்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர். மழை பெய்த ஓர் இரவில் லாரி உரசி வண்டியோடு விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். நான்கு மாதங்களில் நடந்துவிட்டார். மருத்துவர், 'இனி வேலைக்குப் போகலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் போகவில்லை. வண்டிச் சாவியைக் கையில் எடுத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. தெருவில் லாரியின் ஹாரன் ஒலித்தால் உடல் தூக்கிவாரிப் போடுகிறது. நள்ளிரவில் அலறி எழுகிறார். சிறு பிள்ளை தட்டைக் கீழே போட்டதற்குக் கை ஓங்குகிறார். முன்னிருந்த மனிதர் அவர் அல்லர் என்று மனைவி அழுகிறாள்.

சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? 'வேலைக்குப் போக மனமில்லை' என்பார் வீட்டுக்காரர். 'பயந்த சுபாவம்' என்பார் மாமனார். சபையிலும் ஒருவர் எழும்பி, 'விசுவாசம் இருந்தால் பயம் எப்படி இருக்கும்?' என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வி, லாரி செய்ததைவிட அதிகமாக அந்த மனிதரை நொறுக்கிவிடக் கூடும். ஏனெனில் அவர் தம்மையே இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

பிரியமானவர்களே, எலும்பு முறிந்தபோது நாம் ஜெபித்தோம், மாவுக்கட்டும் போட்டுக்கொண்டோம். மாவுக்கட்டுப் போட்டதை விசுவாசக் குறைவென்று யாரும் சொல்லவில்லை. விபத்தில் அடிபட்டது எலும்பு மட்டுமன்று. அபாயத்தை அறிந்து எச்சரிக்கிற மூளையின் பகுதியும் அடிபட்டிருக்கிறது. அதற்கும் பெயர் உண்டு, காரணம் உண்டு, சிகிச்சையும் உண்டு.

அச்சம் ஏன் தங்கிவிடுகிறது?

மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு சிறு உறுப்பு இருக்கிறது. ஆபத்து வரும்போது, நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே அது உடலை விழிக்கச் செய்கிறது. இருதயம் வேகமாய் அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலேறுகிறது. இது நம்மைக் காக்கும் ஏற்பாடு. ஆனால் உயிருக்கே ஆபத்தான அனுபவத்துக்குப் பிறகு, அந்நேரத்தில் அருகிலிருந்த எல்லாவற்றையும் அது ஆபத்தின் அடையாளமாகப் பதித்துக்கொள்கிறது. ஹாரன் ஒலி, டீசல் நாற்றம், ஈரச் சாலையில் விழும் விளக்கொளி, எல்லாம் அதற்கு ஒரே எச்சரிக்கைதான். 'இப்போது பாதுகாப்பாக இருக்கிறோம்' என்று அறிவு சொல்வதை அது உடனே கேட்பதில்லை.

அப்படியானால் இந்த அச்சம் எப்படி அடங்கும்? ஆபத்தில்லாத சூழ்நிலையில் அதே ஒலியையும் அதே சாலையையும் மீண்டும் மீண்டும் சந்திக்கும்போது, மூளை மெல்ல மெல்லப் புதிய பாடம் கற்கிறது. விலகிக்கொண்டே இருந்தால் அந்தப் பாடம் நடப்பதில்லை. இன்று வண்டியைத் தவிர்க்கிறவர் நாளை சாலையைத் தவிர்ப்பார். மறுநாள் வாசற்படியையே தவிர்ப்பார். ஒவ்வொரு முறை விலகும்போதும் கிடைக்கிற அந்தச் சிறு நிம்மதியே அச்சத்துக்கு உணவாகிவிடுகிறது.

உடல் வலியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கால் வலிக்கும்போதெல்லாம் விபத்து நினைவுக்கு வருகிறது. நினைவு வரும்போது தசைகள் இறுகி வலி கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஆகையால்தான், 'எலும்பு சரியாகிவிட்டது, இன்னும் ஏன் வலி என்கிறார்?' என்று கேட்பது நியாயமன்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். விபத்து நடந்த முதற் சில வாரங்களில் தூக்கமின்மையும் பதற்றமும் கெட்ட கனவும் வருவது இயல்பு. பெரும்பாலோருக்கு அவை தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் அவை நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் அதை நோயாகக் கருதிச் சிகிச்சை பெறவேண்டும். இதற்கு 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ஒரு தனிப் பெயர் கொடுத்தது. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனஅழுத்த நோய் என்று தமிழில் சொல்லலாம். மருத்துவமனைகளில் பி.டி.எஸ்.டி. என்பார்கள்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

இந்தக் காரியத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து மருத்துவ உளவியலாளர் ரிச்சர்ட் பிரையன்ட். அவரும் உடன் ஆய்வாளர்களும், காயமடைந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 1,084 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 2010-ல் வெளியாயின. ஓராண்டுக்குப் பின் சந்திக்க முடிந்தவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்தது. நூற்றுக்கு 22 பேருக்கு, வாழ்நாளில் முன்பு ஒருபோதும் இல்லாத நோய் புதிதாக வந்திருந்தது.

அந்தப் புதிய நோய்கள் எவை? நூற்றுக்கு 9 பேருக்கு மனச்சோர்வு. 9 பேருக்கு எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பதற்ற நோய். 6 பேருக்கு மேலே சொன்ன பி.டி.எஸ்.டி. மற்றும் 6 பேருக்கு வெளியிடங்களுக்கும் கூட்டத்துக்கும் அஞ்சும் நோய். தலையில் இலேசாக அடிபட்டவர்களுக்கு இவற்றுள் சில வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாய் இருந்தது.

இந்த எண்கள் வேறொரு தேசத்தின் எண்கள். அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்லமுடியாது. ஆனாலும் இரண்டு பாடங்கள் நமக்கும் உரியவை. விபத்துக்குப் பின் மனம் நோயுறுவது அபூர்வமன்று. அது பயந்த சுபாவக்காரருக்கு மட்டும் வருவதுமன்று. மேலும், அது எப்போதும் அச்சமாகவே வருவதில்லை. எதிலும் மனம் ஒட்டாமை, ஓயாத கவலை, வீட்டைவிட்டு வெளியே வராமை ஆகிய வேடங்களிலும் வருகிறது.

நம் சாலையிலேயே ஒரு வாசல்

இந்த உதவிக்காக நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அதே ஓசூர் சாலையில் நகரை நோக்கிப் போனால், டெய்ரி சர்க்கிளைத் தாண்டியதும் நிம்ஹான்ஸ் நிற்கிறது. பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும், 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-ல் ஒன்றாக இணைந்து உருவானது இது. 1955-லேயே அங்கே உளவியலாளர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிட்டது. 2004-ல் சுனாமி தாக்கியபோது தமிழகக் கடலோரத்துக்கும் அந்தமானுக்கும் மனநல உதவி செய்யச் சென்றவர்களில் நிம்ஹான்ஸ் குழுவினரும் உண்டு.

சாலைக் காயங்களும் அங்கே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன. மருத்துவர் ஜி. குருராஜ், பெங்களூரின் சாலை விபத்துகளையும் தலைக்காயங்களையும் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். மருத்துவ உளவியல் துறையில் பேராசிரியர் ஜமுனா ராஜேஸ்வரனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும், தலையில் அடிபட்டவர்களின் நினைவாற்றல், கவனம், மனநிலை ஆகியவற்றைச் சோதித்து மீட்கும் பயிற்சி முறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இது நம் வீடுகளுக்கு ஏன் முக்கியம்? தலையில் அடிபட்டவர் ஸ்கேனில் 'ஒன்றுமில்லை' என்று வந்த பிறகும் மறதியால் அவதிப்படலாம், கணக்குத் தவறலாம், அற்பக் காரியத்துக்கும் எரிந்து விழலாம். 'குணம் கெட்டுவிட்டது' என்று குடும்பம் நினைக்கிறது. பலவேளைகளில் அது அடிபட்ட மூளையின் களைப்பு. கேள்வி, படம், எண், புதிர் ஆகியவற்றைக் கொண்டு எந்தத் திறன் குறைந்திருக்கிறது என்று உளவியலாளர் கண்டுபிடிப்பார். எதைப் பயிற்சியால் மீட்கலாம், எதற்குக் குறிப்பேட்டையும் கைப்பேசி மணியையும் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்று வழி காட்டுவார்.

மனநல மருத்துவர் மருந்து எழுதுகிறவர். மருத்துவ உளவியலாளர் பேச்சினாலும் பயிற்சியினாலும் சிகிச்சை செய்கிறவர். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்கிறாரா என்று கேட்டறிவது உங்கள் உரிமை. இருவரிடம் போவதும் 'பைத்தியம்' என்பதற்கு அடையாளமன்று. எலும்பு மருத்துவரிடம் போவதுபோன்ற ஒரு காரியமே அது.

சாட்சி சொல்லச் சொல்லலாமா?

இப்போது நம் சபைகளுக்குரிய ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். விபத்திலிருந்து தப்பியவர் சபைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்து, 'நடந்ததைச் சொல்லுங்கள்' என்கிறோம். அன்பினாலும் நன்றியினாலும் அப்படிச் செய்கிறோம். ஆனால் அவர் அதற்கு ஆயத்தமாக இருக்கிறாரா?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆய்வு நடந்தது. சாலை விபத்தில் காயமடைந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினரிடம், விபத்து நடந்த சிறிது காலத்துக்குள்ளேயே ஒருவர் வந்து அமர்ந்து, நடந்ததையும் உணர்ந்ததையும் முழுவதுமாகச் சொல்லவைத்தார். மற்றவர்களை அப்படிச் சொல்லவைக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. சொல்லவைக்கப்பட்டவர்களே அதிகத் துன்பத்தில் இருந்தார்கள். வலியும், வாகனத்தில் பிறரோடு செல்லும்போது வரும் அச்சமும் அவர்களுக்கே அதிகமாயிருந்தன. குறிப்பாக, தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில் சொல்லவைக்கப்படாதவர்கள் காலப்போக்கில் தேறினார்கள்; சொல்லவைக்கப்பட்டவர்கள் தேறவில்லை.

அப்படியானால் நடந்ததைப் பேசவே கூடாதா? அப்படியன்று. 2008-ல் பிரையன்ட் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வைப் பாருங்கள். விபத்திலோ தாக்குதலிலோ சிக்கி, முதல் மாதத்திலேயே கடுமையாய்க் கலங்கியிருந்த 90 பேர் அதில் பங்குபெற்றார்கள். ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரமாக ஐந்து வாரங்கள், பயிற்சி பெற்றவரின் துணையோடு அந்த நினைவைப் படிப்படியாகச் சந்தித்தார்கள். முடிவில் அவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கே பி.டி.எஸ்.டி. இருந்தது. சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு இருந்தது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? முதலாவதில் ஒரே முறை கிளறிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவதில் மருந்தை அளந்து கொடுப்பதுபோல் நினைவை அளந்து திறந்தார்கள். நோயாளியின் சம்மதம் இருந்தது. கலங்கினால் தாங்குவதற்கு ஒருவர் வாரந்தோறும் கூடவே இருந்தார். ஆகையால் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் தாழ்மையோடு ஒரு வார்த்தை. சாட்சி சொல்லும் வேளையை அந்தச் சகோதரரே தெரிந்துகொள்ளட்டும். அவர் வாய் திறக்கவில்லை என்பதற்காக நன்றியற்றவர் என்று எண்ணாதிருங்கள். சொல்ல விரும்பி வந்தால் முழுமனதோடு கேளுங்கள்.

வீட்டார் செய்யத்தக்கவை

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், முதலாவது அவரைத் திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். 'உனக்கு நேர்ந்தது பெரியது. இந்தப் பயம் உன் குற்றமன்று' என்று ஒருமுறையாவது சொல்லுங்கள்.

சாலைக்குத் திரும்புவதற்குச் சிறு சிறு படிகளை அவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். முதல் வாரம் வாசலில் நின்று போக்குவரத்தைப் பார்க்கட்டும். அடுத்து மெட்ரோவிலோ பேருந்திலோ ஒருவர் துணையோடு சிறு தூரம் போகட்டும். பிறகு வண்டியின் பின்னிருக்கையில் தெருவரை போகலாம். அப்புறம் தாமே ஓட்டலாம். ஒரு படியில் மனம் அடங்கும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்து, பிறகு அடுத்த படிக்குப் போகலாம். தள்ளிவிடவும் வேண்டாம், 'நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம்' என்று எல்லாவற்றையும் நீங்களே செய்து அவரை உட்காரவைக்கவும் வேண்டாம். அச்சம் கடுமையாக இருந்தால் இந்தப் படிகளை உளவியலாளரின் மேற்பார்வையில் தொடங்குவதே நல்லது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையையும், அண்டை வீட்டார் கொடுக்கும் மாத்திரையையும் விட்டுவிடுங்கள். அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் வரும் தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும், பென்சோடயசிபைன் எனப்படும் அவ்வகை மாத்திரைகளைக் கொடுக்கவேண்டாமென்று உலக சுகாதார நிறுவனமே 2013-ல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே மருத்துவர் எழுதிக்கொடுத்து உட்கொள்கிறவர்கள், அவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

'நான் இருந்து என்ன பயன்?' என்ற பேச்சு வந்தால் அதை அற்பமாக எண்ணாதீர்கள். அன்றைக்கே உதவி தேடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம், கன்னடம் தெரியவில்லையே என்ற தயக்கம் வேண்டாம். உடல்நோய்க்குக் கொடுப்பதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈடு தரவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. உங்கள் காப்பீட்டு அட்டையை எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

சபையார் செய்யத்தக்கவை

சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியனின் உவமையை நாம் அறிவோம். அவன் பெயராலேயே இன்று ஒரு சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. விபத்தில் சிக்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற நல்ல சமாரியனைத் துன்புறுத்தக் கூடாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் சட்ட வலிமை கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. ஆகையால் போலீஸ் விசாரணைக்குப் பயந்து விலகிப் போகவேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் அந்த உவமையில் நாம் விரைந்து கடந்துபோகிற ஒரு பகுதி உண்டு. சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் வைத்தான், திரும்பி வருவதாகவும் சொன்னான். நாம் பெரும்பாலும் முதல் வாரத்தில் பழக்கூடையோடு போய் வருகிறோம். மனக்காயம் வெளிப்படுவதோ மூன்றாம் மாதத்தில், ஆறாம் மாதத்தில்; கடன் ஏறி, வாடகை நின்று, வருகிறவர்கள் எல்லாரும் வருவதை விட்டுவிட்ட பிறகு. சொந்த ஊரில் என்றால் சித்தப்பாவோ அத்தையோ வந்து திண்ணையில் உட்காருவார்கள். இங்கே ஒற்றை அறை வாடகை வீட்டில் யார் வந்து உட்காருவார்கள்?

நாம் சிகிச்சை செய்யவேண்டியதில்லை. மருத்துவமனைக்குத் துணையாகப் போகலாம். படிவத்தைக் கன்னடத்தில் நிரப்பிக் கொடுக்கலாம். மனைவி வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். முதல்முறை வண்டியில் ஏறும்போது பின்னால் உட்கார்ந்து போகலாம். அறிவுரை சொல்லாமல் அரைமணி நேரம் அருகே இருக்கலாம்.

இந்த வரிகளை வாசிக்கிற நீங்களே அப்படி அஞ்சிக்கொண்டிருக்கிறவராக இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு ஒன்று. உங்கள் கை நடுங்குவது உங்கள் விசுவாசத்தின் அளவுகோல் அன்று. காலில் வைத்த கம்பியைப் பற்றி மருத்துவரிடம் வெட்கமின்றிப் பேசுகிறீர்களே, இதைப் பற்றியும் அப்படியே பேசுங்கள். மறுமுறை மருத்துவமனைக்குப் போகும்போது, 'எனக்குத் தூக்கமில்லை, சாலையைப் பார்த்தால் பயமாயிருக்கிறது' என்ற இந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். அங்கிருந்து வழி திறக்கும்.